பேரேட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய சண்டை

எம்.காம் வகுப்பில் பாடங்கள் இரண்டே வகைதான்: பிராப்ளம் பேப்பர், தியரி பேப்பர். பிராப்ளம் பேப்பருக்குக் கால்குலேட்டரும் ஸ்கேலும் போதும். கடைசியில் இரண்டு பக்கமும் ஒத்துப்போய்விட்டால் மனசு நிறைந்துவிடும். தியரி பேப்பருக்குக் கைடு, பழைய கேள்வித்தாள், தேர்வுக்கு முந்தைய இரவு. கணக்கியல் கோட்பாடு என்ற பாடம் இந்த இரண்டாவது வகையில் போய்ச் சேர்ந்து பல வருடமாகிறது. பி.காம் முதலாண்டில் எழுதிய அதே ‘கருத்துகளும் மரபுகளும்’ விடையை இன்னும் இரண்டு பக்கம் நீட்டி எழுதினால் தேறிவிடலாம் என்று சீனியர்கள் சொல்லிக்கொடுப்பார்கள். பல இடங்களில் அது உண்மையும்கூட. வருத்தமே அதுதான். வணிகவியல் படிப்பு முழுவதையும் எடுத்துக்கொண்டாலும் இவ்வளவு சண்டையும் சச்சரவும் நிறைந்த பாடம் இன்னொன்று கிடையாது.

நம்பாதவர்கள் ஒரு வங்கியின் கணக்கைப் பார்க்கலாம். 2023 மார்ச் 10-ஆம் தேதி அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கி மூடப்பட்டது. அதற்குப் பத்து வாரம் முன்பு, 2022 டிசம்பர் 31-ஆம் தேதிக்கான அதன் இருப்புநிலைக் குறிப்பில் ஒரு வரி இருந்தது. முதிர்வு வரை கையிலேயே வைத்திருக்கப்போவதாக வங்கி சொன்ன கடன்பத்திரங்கள், சுமார் 9,130 கோடி டாலர். அதே வரியில் அடைப்புக்குறிக்குள் அவற்றின் அன்றைய சந்தை மதிப்பு, சுமார் 7,620 கோடி டாலர். வித்தியாசம் 1,500 கோடி டாலருக்கு மேல். வங்கியின் சொந்த மூலதனமே 1,600 கோடி டாலர் அளவில்தான் இருந்தது. அந்த நஷ்டத்தைக் கணக்கில் ஏற்றியிருந்தால் மூலதனம் கிட்டத்தட்டத் துடைத்தெடுக்கப்பட்டிருக்கும்.

இதில் யாரும் எதையும் மறைக்கவில்லை. இரண்டு எண்களும் ஒரே வரியில் அச்சாகியிருந்தன. விதியும் மீறப்படவில்லை. ஒரு பத்திரத்தை முதிர்வு வரை வைத்திருக்கும் எண்ணமும் வசதியும் இருந்தால் அதை வாங்கிய விலையை ஒட்டியே காட்டலாம் என்கிறது தரநிலை. அதே பத்திரத்தை ‘தேவைப்பட்டால் விற்போம்’ என்று வகைப்படுத்தினால் சந்தை மதிப்பில் காட்ட வேண்டும். பத்திரம் ஒன்று, வட்டி ஒன்று, முதிர்வுத் தேதி ஒன்று. மேலாளரின் மனசுக்குள் இருக்கும் எண்ணம் மட்டும் மாறினால் மதிப்பு மாறிவிடுமா?

சந்தை விலையிலேயே எழுதிவிட வேண்டியதுதானே என்று உடனே சொல்லத் தோன்றும். 2008-ஐ நினைத்துக்கொள்ள வேண்டும். அந்த வருடம் வாங்க ஆளில்லாத சந்தையில், பதற்றத்தில் நிர்ணயமான விலைகளைக் கணக்கில் ஏற்றச் சொன்னதால்தான் நல்ல வங்கியும் படுத்தது என்று பல நாடுகளில் குரல் எழுந்தது. அக்டோபர் மாதத்திலேயே சர்வதேசக் கணக்கியல் தரநிலை வாரியம் பத்திரங்களை ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்கு மாற்ற அவசரமாக அனுமதி கொடுத்தது. ஆக, வாங்கிய விலைக்கும் சாட்சிக்கு ஒரு நெருக்கடி உண்டு, சந்தை விலைக்கும் ஒன்று உண்டு. எது சரி என்று வாதாட உட்காரும்போதுதான் ஒரு மாணவர் கணக்கியல் கோட்பாட்டுக்குள் காலடி வைக்கிறார்.

இளங்கலையில் பற்றும் வரவும் எங்கே எழுதுவது என்று கற்றுக்கொடுக்கிறார்கள். இரட்டைப் பதிவு முறை 1494-இல் வெனிஸ் நகரில் லூக்கா பாச்சோலியின் நூலில் அச்சேறியது. அந்த இயந்திரம் இன்றும் அப்படியேதான் ஓடுகிறது. அதில் எந்த எண்ணைப் போடுவது, எப்போது போடுவது, யாருக்காகப் போடுவது என்ற கேள்விகளுக்கு பாச்சோலியிடம் பதில் தேடிப் பயனில்லை. அவற்றை எடுத்துக்கொண்டு பேராசிரியர்கள் மோதிக்கொண்டது பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டில்தான்.

மோதலின் மையத்தில் இருந்தது லாபம். இது தெரிந்த விஷயம்தானே, விற்றதிலிருந்து வாங்கியதைக் கழித்தால் லாபம் என்று எந்தக் கடைக்காரரும் சொல்வார். சரி, ஓர் அரிசி மொத்த வியாபாரியை எடுத்துக்கொள்ளலாம். மூட்டை 1,000 ரூபாய் வீதம் 100 மூட்டை வாங்குகிறார். முதல் ஒரு லட்சம். சில மாதம் கழித்து மூட்டை 1,300 வீதம் எல்லாவற்றையும் விற்றுவிடுகிறார். விற்ற அன்று ஆலையில் அதே அரிசி மூட்டை 1,200. இதற்கிடையில் நாட்டில் பொது விலைவாசி 10 சதவீதம் ஏறியிருக்கிறது. அவருடைய லாபம் எவ்வளவு?

வழக்கமான கணக்கில் 30,000. ஆனால் போட்ட ஒரு லட்சத்தின் வாங்கும் சக்தி குறையாமல் இருக்க 1,10,000 வேண்டும். அதை ஒதுக்கிய பிறகு மிஞ்சுவதுதான் லாபம் என்றால் 20,000. மறுபடியும் 100 மூட்டையை இறக்கி வைத்த பிறகு மிஞ்சுவதுதான் லாபம் என்றால் 10,000. முப்பதாயிரத்தையும் வீட்டுச் செலவுக்கு எடுத்துவிட்டால் அடுத்த முறை அவர் கடைக்கு 83 மூட்டைதான் வரும். கையில் இருக்கும் பணம் பழைய ஒரு லட்சமேதான், கடை மட்டும் சிறுத்துவிட்டது.

ஒரே வியாபாரம், மூன்று லாபம், மூன்றும் கணக்குப் பிசகாதவை. 1939-இல் வெளிவந்த ‘மதிப்பும் மூலதனமும்’ என்ற நூலில் பிரிட்டிஷ் பொருளியலாளர் ஜான் ஹிக்ஸ் இதற்கு ஓர் அளவுகோல் கொடுத்தார். ஆரம்பத்தில் எவ்வளவு வசதியோடு இருந்தோமோ, முடிவிலும் அதே வசதியோடு இருந்துகொண்டு எவ்வளவு செலவழிக்க முடியுமோ, அதுவே வருமானம். அப்படியானால் ‘அதே வசதி’ என்பதை ரூபாயில் அளப்பதா, வாங்கும் சக்தியில் அளப்பதா, மூட்டையில் அளப்பதா? மூலதனப் பராமரிப்பு என்று பாடப்புத்தகம் சுருக்கமாகச் சொல்லி நகர்ந்துவிடும் தலைப்பு இதுதான். எம்.காமில் வேறெதைப் படிக்காமல் விட்டாலும் இந்த ஒன்றை ஊறப்போட்டுப் படிக்க வேண்டும்.

இங்கே ஒரு தமிழ்நாட்டுச் சான்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. சோழர் காலக் கோயில் கல்வெட்டுகளில் நந்தா விளக்குக்கான அறக்கட்டளைகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. ஒரு விளக்கு அணையாமல் எரிய நாள்தோறும் உழக்கு நெய். அதற்குப் பெரும்பாலும் 96 ஆடுகள் கொடுக்கப்பட்டன. சில இடங்களில் 90. ஆடுகளை இடையர்கள் பொறுப்பில் விட்டு, அவை ‘சாவா மூவாப் பேராடு’ என்று கல்லில் வெட்டினார்கள். உயிருள்ள ஆடு சாகும், கிழடாகும். ஆனால் கணக்கில் உள்ள 96 என்றும் 96. செத்ததற்கு ஈடாகக் குட்டியிலிருந்து நிரப்பிக்கொண்டு, நெய்யை அளந்துவிட்டு, அதற்கு மேல் மந்தை பெருகினால் அது வளர்ப்பவருக்கு. முதல் எது, வருமானம் எது என்று பிரித்து, முதலைப் பணத்தில் அல்லாமல் பொருளில் நிலைநிறுத்தியிருக்கிறார்கள். பொருள்சார் மூலதனப் பராமரிப்புக்கு எடுத்துக்காட்டு கேட்டால் 1970களின் லண்டன் அறிக்கைகளுக்குப் போகுமுன் தஞ்சைப் பெரியகோயில் சுவருக்குப் போகலாம்.

லண்டன் அறிக்கைகளும் சுவையானவைதான். அவற்றுக்கு முன்பு 1960களைத் தொட்டுவிட வேண்டும். கணக்கியல் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு பேராசிரியரும் ஒரு முழு மாளிகையைக் கட்டிக் காட்டிய காலம் அது. அமெரிக்காவில் எட்வர்ட்ஸும் பெல்லும் 1961-இல் லாபத்தை இரண்டாகப் பிளந்தார்கள். நம் அரிசி வியாபாரியின் 30,000-இல் 10,000 வியாபாரத் திறமையால் வந்தது. 20,000 சரக்கைக் கையில் வைத்திருந்ததால் வந்தது. இரண்டையும் கலந்து காட்டுவது ஏமாற்று என்றார்கள். சிட்னி பல்கலைக்கழகத்தில் ரேமண்ட் சேம்பர்ஸ் 1966-இல் இன்னும் துணிந்து பேசினார். எந்தச் சொத்தானாலும் இன்றைக்கு விற்றால் என்ன கிடைக்கும் என்பது ஒன்றுதான் உண்மையான எண். வாங்கிய விலை பழங்கதை, எதிர்கால வருவாய் கனவு. விற்க முடியாத சிறப்பு இயந்திரத்துக்கு மதிப்பு பூஜ்யமா என்று மடக்கியவர்களிடமும் அவர் பின்வாங்கவில்லை. வெளியே விற்க முடியாததை வைத்துக் கடனை அடைக்க முடியுமா என்று திருப்பிக் கேட்கும் நிலைப்பாடு அவருடையது. அவர் தொடங்கிய ‘அபாகஸ்’ இதழ் இன்றும் வருகிறது.

இந்த மாளிகைகளுக்கெல்லாம் சோதனைக்காலம் 1970களில் வந்தது. பிரிட்டனில் 1975-இல் பணவீக்கம் 24 சதவீதத்தைத் தொட்டது. வாங்கிய விலையை வைத்துப் போட்ட லாபம் வெறும் காற்று என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. 1974-இல் கணக்காளர் அமைப்புகள் பொது விலைவாசிக் குறியீட்டால் திருத்தும் முறையைத் தற்காலிகத் தரநிலையாகக் கொண்டுவந்தன. அடுத்த வருடமே அரசு அமைத்த சாண்டிலாண்ட்ஸ் குழு அதை ஒதுக்கிவிட்டு, நடப்பு விலை முறைதான் சரி என்றது. 1977-இல் இங்கிலாந்து பட்டயக் கணக்காளர் கழக உறுப்பினர்கள், அதைக் கட்டாயமாக்கக் கூடாது என்று வாக்களித்தார்கள். ஆனாலும் 1980-இல் தரநிலை வந்தது. நிறுவனங்கள் முணுமுணுத்துக்கொண்டே கூடுதல் கணக்கைப் போட்டன. பிறகு பல நிறுவனங்கள் போடுவதையே நிறுத்தின. விலைவாசி தணிந்தது. 1985-இல் கட்டாயம் நீங்கியது, 1988-இல் தரநிலையே திரும்பப் பெறப்பட்டது. அமெரிக்காவிலும் ஏறக்குறைய இதே கதைதான்: 1979-இல் பெரிய நிறுவனங்களுக்குக் கட்டாயம், 1986-இல் விருப்பம் இருந்தால் போதும்.

தோற்றது வாதம் அல்ல. அரிசி வியாபாரியின் 10,000-ஐ யாரும் தப்பு என்று நிரூபிக்கவில்லை. ஆனால் அதைப் போடுவதற்கு ஆகும் செலவு, அதனால் வரும் வரித் தகராறு, இரண்டு லாபத்தை ஒரே அறிக்கையில் பார்த்து முதலீட்டாளருக்கு வரும் குழப்பம் எல்லாம் சேர்ந்து அதை வெளியே தள்ளிவிட்டன. விவாதம் முடிந்துவிடவும் இல்லை. மூன்று வருடத்தில் விலைவாசி கூட்டாக 100 சதவீதத்தை நெருங்கும் நாடுகளுக்கு ஐ.ஏ.எஸ். 29 என்ற சர்வதேசத் தரநிலை இன்றும் நடைமுறையில் இருக்கிறது. 2018 முதல் அர்ஜென்டினாவும் 2022 முதல் துருக்கியும் அதன் வரம்புக்குள் வந்தன. இஸ்தான்புல்லில் கணக்கு எழுதுபவருக்கு மூலதனப் பராமரிப்பு என்பது தேர்வுக் கேள்வி அல்ல, மாதாந்திர வேலை.

கணக்கு எப்படி இருக்க வேண்டும் என்று 1960களின் பேராசிரியர்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோதே, சிகாகோ பல்கலைக்கழகத்தில் இரண்டு இளம் ஆஸ்திரேலியர்கள் வேறொரு கேள்வியைக் கையில் எடுத்தார்கள். ரே பால், பிலிப் பிரவுன். வாங்கிய விலைக் கணக்கில் வரும் லாப எண் அர்த்தமற்றது என்று எல்லோரும் திட்டுகிறீர்களே, அது உண்மையிலேயே அர்த்தமற்றது என்றால் பங்குச்சந்தை அதைக் கண்டுகொள்ளக் கூடாது அல்லவா? நியூயார்க் பங்குச்சந்தையின் 261 நிறுவனங்களை எடுத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் எதிர்பார்த்ததைவிட லாபம் கூடிய வருடங்கள் ஒரு பக்கம், குறைந்த வருடங்கள் இன்னொரு பக்கம். அறிவிப்புக்கு முந்தைய பன்னிரண்டு மாதங்களில் பங்கு விலை எப்படி நகர்ந்தது என்று மாதம் மாதமாகக் கூட்டிக்கொண்டே வந்து வரைபடம் போட்டார்கள்.

அந்த வரைபடம் கணக்கியல் ஆராய்ச்சியின் திசையையே மாற்றியது. இரண்டு கோடுகள், ஒன்று மேலே ஏறுகிறது, இன்னொன்று கீழே இறங்குகிறது. நல்ல லாபம் அறிவித்த நிறுவனங்களின் விலை மாதங்களுக்கு முன்பே உயரத் தொடங்கியிருக்கிறது. மோசமானவற்றின் விலை சரிந்துகொண்டே வந்திருக்கிறது. ஆக, லாப எண்ணில் சந்தைக்கு வேண்டிய தகவல் இருக்கிறது. ஆனால் அதில் 85 முதல் 90 சதவீதம் வரை ஆண்டறிக்கை வருவதற்குள்ளாகவே வேறு வழிகளில் விலையில் ஏறிவிடுகிறது. திட்டியவர்களுக்கும் பதில், ஆண்டறிக்கையை வேதமாக நினைத்தவர்களுக்கும் பதில். துறையின் முன்னணி இதழான ‘தி அக்கவுண்டிங் ரிவ்யூ’ இந்தக் கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிட்டது. 1968-இல் இன்னொரு இதழில் வெளிவந்த அதை இன்று உலகெங்கும் முனைவர் பட்ட வகுப்புகளில் முதல் வாரமே படிக்கவைக்கிறார்கள். முதுகலை மாணவர் இதன் புள்ளியியல் பகுதிக்குப் பயப்பட வேண்டியதில்லை. வரைபடத்தை முன்னால் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கோடும் என்ன சொல்கிறது என்று தன் சொந்தத் தமிழில் சொல்ல முடிந்தால் கட்டுரையின் பாதி கைவந்துவிட்டது.

அடுத்த திருப்பம் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில். ராஸ் வாட்ஸும் ஜெரால்டு ஜிம்மர்மேனும், சந்தையை விட்டுவிட்டு மேலாளரின் மனசைப் பார்த்தார்கள். விலைவாசிக்கேற்பக் கணக்கைத் திருத்தலாமா என்று 1974-இல் அமெரிக்கத் தரநிலை வாரியம் கருத்துக் கேட்டபோது நிறுவனங்கள் எழுதிய பதில்களை எடுத்து ஆராய்ந்தார்கள். லாபம் குறைவாகத் தெரியும்படி செய்யும் முறையை எந்த நிறுவனமாவது ஆதரிக்குமா? ஆதரித்தவை பெரும்பாலும் மிகப்பெரிய நிறுவனங்கள். கொள்ளை லாபம் என்று நாடாளுமன்றமும் பத்திரிகைகளும் கண் வைப்பது அவற்றின் மீதுதான். சின்ன நிறுவனத்துக்கு அந்தப் பயம் இல்லை. 1978-இல் வந்த இந்தக் கட்டுரையிலிருந்தும் அதன் வழிவந்தவற்றிலிருந்தும் மூன்று கருதுகோள்கள் பாடப்புத்தகத்துக்கு வந்தன. போனஸ் லாபத்தைப் பொறுத்தது என்றால் மேலாளர் லாபத்தை இன்றைக்கே இழுத்துக் காட்டுவார். கடன் நிபந்தனையை மீறும் நிலை நெருங்கினால் லாபத்தைக் கூட்டும் முறையைத் தேர்வார். அரசின் கண் மேலே விழும் என்றால் குறைத்துக் காட்டுவார்.

கைடில் இது மூன்று வரி. ஜெனிஃபர் ஜோன்ஸ் 1991-இல் செய்த ஆய்வைக் கூடவே படித்தால்தான் அதில் ரத்தம் ஓடும். இறக்குமதியால் நாங்கள் அழிகிறோம், காப்பாற்றுங்கள் என்று அமெரிக்க அரசிடம் முறையிட்ட தொழில்களை அவர் எடுத்துக்கொண்டார். விசாரணை நடக்கும் வருடத்தில் அந்த நிறுவனங்கள், தங்கள் கையில் இருக்கும் மதிப்பீடுகளை வைத்தே லாபத்தைக் குறைத்துக் காட்டியிருந்தன. வராக்கடன் ஒதுக்கீட்டைக் கொஞ்சம் கூட்டுவது, செலவை முன்கூட்டியே எழுதிவிடுவது போன்ற வழிகள் எந்த நிறுவனத்திலும் உண்டு. ஒவ்வொன்றும் விதிக்குள்தான் இருக்கும்.

விதிக்குள் செய்யும் இந்த வேலையையும் அப்பட்டமான பொய்யையும் மாணவர்கள் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. 2009 ஜனவரி 7-ஆம் தேதி சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதத்தின்படி, ஏட்டில் 5,361 கோடி ரூபாயாகக் காட்டப்பட்ட ரொக்கம் மற்றும் வங்கி இருப்பில் 5,040 கோடி இல்லவே இல்லை. மதிப்பீட்டுக்கு இடமே இல்லாத இனம் வங்கி இருப்பு. அங்கேயே பொய் எழுதினால் அது தணிக்கைக்கும் குற்றவியலுக்கும் உரிய விஷயம். வாட்ஸும் ஜிம்மர்மேனும் விளக்குவது அதற்கு முன்னால் இருக்கும் பெரிய, சட்டப்படியான வெளியை.

இவர்கள் மீதும் கடுமையான விமர்சனம் வந்தது. மேலாளர்கள் என்ன செய்கிறார்கள் என்று விளக்குவது சரி, என்ன செய்ய வேண்டும் என்ற கேள்வியை அறிவியல் அல்ல என்று ஒதுக்க உங்களுக்கு யார் உரிமை தந்தது என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. மருத்துவம் நோயை விளக்குவதோடு நின்றுவிடுவதில்லை.

இன்னொரு முகாம் பிரிட்டனில் உருவாகியிருந்தது. ஆண்டனி ஹாப்வுட் 1976-இல் தொடங்கிய ‘அக்கவுண்டிங், ஆர்கனைசேஷன்ஸ் அண்ட் சொசைட்டி’ என்ற இதழ், கணக்கு என்பது உலகைக் காட்டும் கண்ணாடி என்ற நம்பிக்கையையே அசைத்தது. அதில் 1988-இல் ரூத் ஹைன்ஸ் எழுதிய கட்டுரையை எம்.காம் மாணவர் ஒவ்வொருவர் கையிலும் கொடுக்க வேண்டும். அட்டவணை இல்லை, சமன்பாடு இல்லை. ஒரு குருவும் சீடனும் பேசிக்கொள்வதாகவே முழுக் கட்டுரையும் நடக்கிறது. ஒரு நிறுவனத்தின் படத்தை வரையப் புறப்படும் சீடன், நிறுவனம் எங்கே முடிகிறது என்ற இடத்தில் திகைத்து நிற்கிறான். எல்லைக் கோட்டைக் கணக்காளர்தான் போடுகிறார். போட்ட பிறகு எல்லோரும் அது அங்கேயே இருந்தது என்று நம்பிவிடுகிறார்கள். தமிழ்வழியில் படித்துவிட்டு ஆங்கில ஆய்வுக்கட்டுரைகளைக் கண்டு தயங்குபவர்கள் இதிலிருந்து தொடங்குவது நல்லது. உரையாடல் என்பதால் நடை இலகுவாக இருக்கும்.

எல்லைக்கோடு என்றால் என்ன என்று நமக்கு விளக்க ஹைன்ஸ்கூட வேண்டாம், நொய்யல் ஆறு போதும். திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவுநீர் பல ஆண்டுகள் நொய்யலில் கலந்து ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. கிணறு கெட்டது, நிலம் உவர்ந்தது. அந்த வருடங்களில் பட்டறைகளின் லாப நஷ்டக் கணக்கில் அந்த நஷ்டத்துக்கு ஒரு வரிகூடக் கிடையாது. விவசாயி கணக்கு எழுதுவதில்லை என்பதால் அது எங்குமே பதிவாகவில்லை. நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் அந்தச் செலவு ஏட்டுக்குள் வரத் தொடங்கியது; 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் பட்டறைகளை மூடவே சொன்னது. ஆறு கெட்டது அதற்கு வெகுகாலம் முன்பே. கணக்கில் அது நடந்தது நீதிமன்றம் வந்த பிறகுதான். இதைவிட அழுத்தமாக எல்லைக்கோட்டின் அரசியலை எந்த வகுப்பிலும் நடத்திவிட முடியாது.

எது சொத்து என்பதும் இதே மாதிரிச் சிக்கல்தான். மனித வளத்துக்கு மதிப்பு போட பரூக் லெவ், அபா ஷ்வார்ட்ஸ் இருவரும் 1971-இல் ஒரு சூத்திரம் கொடுத்தார்கள்: ஊழியர் ஓய்வு பெறும் வரை சம்பாதிக்கப்போவதன் இன்றைய மதிப்பு. திருச்சியில் பெரிய ஆலை வைத்திருக்கும் பாரத ஹெவி எலக்ட்ரிகல்ஸ் (பெல்) நிறுவனம் 1970களிலேயே இந்த வகைக் கணக்கை வெளியிட்டது. இன்ஃபோசிஸ் பல ஆண்டுகள் ஆண்டறிக்கையில் கூடுதல் தகவலாகத் தந்தது. ஆனால் முறையான இருப்புநிலைக் குறிப்புக்குள் ஊழியரை யாரும் ஏற்றவில்லை. அவர் நாளைக்கே ராஜினாமா செய்யலாம், நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் இல்லாதது சொத்து ஆகாது என்பது காரணம். அப்படியானால் கால்பந்து வீரர்? ஐரோப்பியக் கிளப்புகள் வேறு கிளப்பிலிருந்து விலைகொடுத்து வாங்கிய வீரரின் பதிவுரிமையைச் சொத்தாகக் காட்டி ஒப்பந்தக் காலத்துக்குள் கழிக்கின்றன. தன் சொந்த அகாடமியில் வளர்த்த பையன் அவரைவிட நன்றாக ஆடினாலும் ஏட்டில் அவனுக்கு மாற்றுத்தொகை மதிப்பு இல்லை. 2023 ஜனவரியில் செல்சீ கிளப் என்சோ பெர்னாண்டஸை எட்டரை வருட ஒப்பந்தத்தில் வாங்கியது; ஒப்பந்தம் நீண்டால் ஆண்டுச் செலவு குறையும். அந்தக் கோடையிலேயே ஐரோப்பியக் கால்பந்துச் சங்கம் தன் நிதி விதிகளில், ஐந்து வருடத்துக்கு மேல் பிரித்துக் கழிக்கக் கூடாது என்று திருத்தம் செய்தது. தேய்மானக் கணக்கு மைதானம் வரை வந்து ஆட்டத்தை மாற்றியதற்கு இது சாட்சி.

நீலகிரிக்கும் வால்பாறைக்கும் வருவோம். தேயிலைச் செடி சொத்து. அது எந்த விலையில்? உயிருள்ள எதையும் நியாய மதிப்பில் காட்ட வேண்டும், வளர வளர ஏறும் மதிப்பை லாபத்தில் சேர்க்க வேண்டும் என்று சொன்னது வேளாண்மைக்கான ஐ.ஏ.எஸ். 41. அதாவது ஒரு கிலோ தேயிலை விற்காமலே தோட்டத்துக்கு லாபம் வரும். மலேசியாவின் எண்ணெய்ப்பனைத் தோட்டங்கள் இதை ஏற்கவில்லை. முப்பது வருடம் நிற்கும் மரம் எங்களுக்கு ஓர் இயந்திரம், அதை யாரும் தனியாகப் பிடுங்கி விற்பதில்லை, பிறகு எதற்குச் சந்தை மதிப்பு என்று மலேசியத் தரநிலை வாரியம் விடாமல் வாதாடியது. 2014-இல் சர்வதேச வாரியம் இறங்கிவந்தது. இப்போது செடியும் மரமும் இயந்திரம் போலவே வாங்கிய விலையில் இருந்து தேய்கின்றன. கிளையில் துளிர்த்திருக்கும் கொழுந்து மட்டும் நியாய மதிப்பில். இந்தியத் தரநிலையும் இதே வழிதான். வேர் ஒரு கோட்பாட்டில், கொழுந்து இன்னொரு கோட்பாட்டில்! இந்தச் சமரசத்தை ஒரு மாணவர் அலசி ஆராய்ந்து எழுதினால் அளவீடு, அரசியல், தரநிலை அமைக்கும் முறை என்று மூன்று அத்தியாயமும் அதிலேயே வந்துவிடும்.

தரநிலைகளுக்கு அடித்தளமான கருத்துருக் கட்டமைப்பு என்ற பகுதியையும் இப்படித்தான் அணுக வேண்டும். வரையறைகளை மனப்பாடம் செய்வதால் ஆவது ஒன்றுமில்லை. 1989-இல் எழுதிய சர்வதேசக் கட்டமைப்பில் முன்னெச்சரிக்கை என்ற பண்பு இருந்தது. 2010-இல் அதை எடுத்துவிட்டார்கள். 2018-இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். நடுவில் என்ன நடந்தது, யார் கேட்டு எடுத்தார்கள், யார் சத்தம் போட்டுத் திரும்ப வந்தது என்று தேடிப் படித்தால் வரையறை தானாக மனதில் நிற்கும். குத்தகையும் அப்படியே. விமான நிறுவனங்களின் இருப்புநிலைக் குறிப்பில் விமானங்களைக் காணோமே என்று சர்வதேச வாரியத்தின் தலைவராக இருந்த டேவிட் ட்வீடி மேடைதோறும் குறைப்பட்டுக்கொண்டார். இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் குத்தகை விமானமும் அதற்கான கடனும் ஏட்டுக்குள் வந்தன. பறக்கும் விமானம் அதேதான், கடன் விகிதம் மட்டும் ஒரே நாளில் மாறியது.

புத்தகம் என்று பார்த்தால் ஆஸ்திரேலியரான கிரெய்க் டீகனும் கனடாவின் வில்லியம் ஸ்காட்டும் எழுதியவை இரண்டு திசை. டீகன் எல்லாக் கோட்பாட்டையும் வரிசையாக நிறுத்திப் பேசவிடுவார். ஸ்காட் தகவல் பொருளியல் வழியாக ஒரே இழையைப் பிடித்துக்கொண்டு போவார். நம் ஊரில் போர்வால், ஜவஹர்லால் நூல்கள் பாடத்திட்டத்தை ஒட்டியவை. நெட் தேர்வுக்கு உதவும். ஆனால் எந்த நூலும் மூலக் கட்டுரைக்கு ஈடாகாது. ஹைன்ஸ், அதன்பின் பால்–பிரவுன் வரைபடம், அதன்பின் வாட்ஸ்–ஜிம்மர்மேன் என்ற வரிசையில் செமஸ்டருக்கு மூன்று கட்டுரையாவது முழுசாகப் படிக்க வேண்டும். ஆசிரியர்கள் மனது வைத்தால் ஒரு அலகை விரிவுரைக்குப் பதில் வழக்காடு மன்றமாக நடத்தலாம்: சிலிக்கான் வேலி வங்கியின் அந்த ஒரு வரியை வைத்து ஒரு பக்கம் சேம்பர்ஸ் தரப்பு, இன்னொரு பக்கம் வாங்கிய விலைத் தரப்பு.

சண்டை இப்போது புதிய களத்துக்கு நகர்ந்திருக்கிறது. 2023 ஜூனில் நிலைத்தன்மை அறிக்கைக்கான முதல் இரண்டு சர்வதேசத் தரநிலைகள் வெளியாயின. சுற்றுச்சூழல் ஒரு நிறுவனத்தின் லாபத்தை எப்படிப் பாதிக்கும் என்று முதலீட்டாளருக்குச் சொன்னால் போதும் என்பது அவற்றின் நிலை. நிறுவனம் சுற்றுச்சூழலை எப்படிப் பாதிக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல் என்கிறது ஐரோப்பிய ஒன்றியம். இந்தியாவில் முதல் ஆயிரம் பட்டியலிட்ட நிறுவனங்களுக்கு 2022–23 நிதியாண்டிலிருந்து செபி வணிகப் பொறுப்பு மற்றும் நிலைத்தன்மை அறிக்கையைக் கட்டாயமாக்கியிருக்கிறது. யாருக்காகக் கணக்கு என்ற கேள்வி மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறது, இந்த முறை நொய்யலையும் சேர்த்துக்கொண்டு.

ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடும் எம்.காம் மாணவருக்கு இங்கே வேலை கொட்டிக்கிடக்கிறது. வாடிக்கையாளர் திருப்தி பற்றி இன்னொரு வினாநிரல் தயாரித்து நூறு பேரிடம் கையெழுத்து வாங்கும் நேரத்தில், தேயிலை நிறுவனங்கள் கொழுந்தின் நியாய மதிப்பை எப்படிப் போடுகின்றன, வருடத்துக்கு வருடம் அந்த அனுமானத்தை மாற்றுகின்றனவா என்று பார்க்கலாம். ஜவுளி நிறுவனங்களின் பொறுப்பு அறிக்கையில் தண்ணீரைப் பற்றிச் சொல்லியிருப்பதும், நிதிநிலைக் குறிப்புகளில் அதே தண்ணீருக்காக ஒதுக்கியிருக்கும் பணமும் ஒத்துப்போகின்றனவா என்று சரிபார்க்கலாம். ஆண்டறிக்கைகள் நிறுவனங்களின் தளத்திலும் பங்குச்சந்தைத் தளங்களிலும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஐந்து நிறுவனம், இந்தியத் தரநிலை மாறிய 2016-க்குப் பிந்தைய வருடங்கள், ஒவ்வொன்றிலும் கணக்கியல் கொள்கைக் குறிப்பு ஒன்று: முதுகலை ஆய்வேட்டுக்கு இவ்வளவு தரவு தாராளமாகப் போதும்.